காற்று நாளில் கருகும் கம்பி

உள்ளே கரி, வெளியே புதுச் செம்பு. றெபேக்காவுக்கு விளங்காமல் இருந்தது அந்த ஒன்றுதான்.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அலியாரின் மோட்டர் சுற்றும் கடையில், எரிந்துபோன ஒரு ட்ரான்ஸ்போமரை அவள் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பேசாலைக்கு அப்பால், மன்னார்த் தீவின் வடகரையோரத்தில் உள்ள ஒரு சின்னக் குடியிருப்புத்தான் அவளுடைய ஊர். அங்குள்ள மீனவர் சங்கத்து வயர்லெஸ் செட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சாமான் இது. ஐப்பசியில் ஒரு காற்று நாளன்று முதன்முதலாக எரிந்தது. அவளே புதுக்கம்பி சுற்றிக் கொடுத்தாள். கார்த்திகையில், அடுத்த காற்று நாளன்று, அவள் சுற்றியதும் எரிந்துவிட்டது.

ஐப்பசியில் செட் எரிந்த அந்த மாலை ஒரு படகு திரும்பி வரவில்லை. இரண்டு பேர். வடகரையில் ஏறாதே, தலைமன்னார் முனையைச் சுற்றித் தென்கரைக்குப் போ என்று அவர்களுக்குச் சொல்லக் கரைக்கு வாய் இருக்கவில்லை. இருட்டில் கரையேற வந்த படகை அலை கல்லில் அடித்து உடைத்தது.

"என்ன தங்கச்சி, பிரேதப் பரிசோதனையோ?" என்று கேட்டபடி அலியார் தேநீரை மேசையில் வைத்தார். "செத்ததுக்குக் காரணம் சொல்லுதா?"

"சொல்லுது, அலியார் நானா. எனக்குத்தான் விளங்கேல்லை."

ட்ரான்ஸ்போமர் என்பது உண்மையில் மிகவும் எளிமையான சாமான். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய ஒரு கட்டி. அதன்மேல் முதலில் ஒரு கம்பிச்சுற்று, காகிதம், பிறகு இன்னொரு சுற்று. உள்சுற்றுக்கு வீட்டுக் கரண்ட் போகிறது. வெளிச்சுற்றிலிருந்து செட்டுக்கு வேண்டியது வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. உள்சுற்று இரும்பைக் காந்தமாக்குகிறது, அந்தக் காந்தம் ஏறி இறங்க ஏறி இறங்க வெளிச்சுற்றில் கரண்ட் பிறக்கிறது. அவ்வளவுதான். ஆகவே, செட் அளவுக்கு மிஞ்சி இழுத்தால் இரண்டு சுற்றும் சேர்ந்தே சூடாகும். உப்புக்காற்று ஓர் இடத்தில் பூச்சைத் தின்றுவிட்டால் அந்த ஓர் இடம் மட்டும் புள்ளியாகக் கருகும். இங்கே இரண்டும் இல்லை. வெளிச்சுற்று மினுங்கியது. உள்சுற்று ஓர் அங்குலம்கூட மிச்சமில்லாமல் ஒரே சீராகக் கருகியிருந்தது. உள்ளே போன கரண்ட் செட்டுக்குப் போகவே இல்லை, உள்ளேயே நின்று எரிந்திருக்கிறது.

"செட்டுக்குள்ள டயோட், கப்பாசிட்டர் எல்லாம் பாத்தனியா?"

"பாத்தனான். ஒண்டும் பழுதில்லை. அங்க வோல்ட்டேஜும் சரி. சங்கத்து மதலேனாக்கா ஒவ்வொரு நாளும் மீற்றரைப் பாத்துச் சொல்லுறா."

"அப்ப உன்ர கைதான். வார்னிஷ் காயமுந்திக் குடுத்திருப்பாய், சொந்த ஊர்ச் சாமான் எண்டு அவசரப்பட்டு."

"நல்லாக் காய வைச்சுத்தான் குடுத்தனான்."

"அப்ப பேய்." அவர் சிரித்தார். "உந்தக் கிழட்டுச் செட்டைத் தூக்கிப் போட்டிட்டு, ஒரு கார் பெட்டரியில ஓடுற செட் வாங்கச் சொல்லன்."

"கேட்டிருக்கினம். வரேக்க வரும். இந்தச் செட்டுக்கு நாலு வகை வோல்ட்டேஜ் வேணும், பெட்டரியால குடுக்க ஏலாது. கரையில இழுத்து வைச்ச படகுச் செட்டால கூப்பிட்டும் பாத்தவை. ஏரியல் உயரமில்லை. தூரத்துக்குக் கேக்காது."

அவள் புதிதாகச் சுற்றிய மூன்றாவது ட்ரான்ஸ்போமர், செட் இழுக்கும் அளவுக்குப் பல்புகளைச் சுமந்துகொண்டு, காலையிலிருந்து மேசையின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இப்போதுதான் இட்ட கோழிமுட்டையின் சூடு. இருக்கவேண்டிய சூடு அதுதான். போன தடவையும் இப்படித்தான் இந்த மேசையில் சமர்த்தாக ஓடியது. ஊருக்குப் போனதும் எரிந்தது.

கைத்தொலைபேசி அடித்தது. மதலேனா. சங்கத்தில் வயர்லெஸ் பேசுகிறவள். அவளுடைய குரலை அந்தக் கரையில் எல்லாப் படகுகளுக்கும் தெரியும்.

"எடியே, எங்க நிக்கிறாய்? வானிலைக் கந்தோரிலயிருந்து கோல் எடுத்தவங்கள். தாழமுக்கம் சொன்னதைவிடக் கெதியா வருதாம். படகுகள் எல்லாம் கடலுக்குப் போயிட்டுது. உன்ர மனுசனும் போயிட்டான். உந்தக் கம்பிக் கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வா."

*

அவள் போய் இறங்கியபோது கரையில் கருவாட்டுத் தட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடல் இன்னும் அடிக்கவில்லை. ஆனால் அதன் நிறம் மாறியிருந்தது. வடகிழக்கே வானம் கழுவாத அலுமினியச் சட்டி மாதிரிக் கிடந்தது.

சங்கக் கட்டடம் என்பது ஓர் அறை. ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் சின்னக் கோயில், பின்பக்கம் ஜெனரேட்டர் கொட்டில். மதலேனா கதிரையில் இருந்து அசையவில்லை.

"சனம் என்ன சொல்லுது தெரியுமோ?" என்றாள். "கடல் ஆளைக் கேக்கிற நாளில்தான் இந்தச் செட் சாகுதாம்."

"சனத்துக்கு வேலையில்லை."

"எனக்கு வேலை இருக்கு. எனக்கும் அப்பிடித்தான் தோணுது."

றெபேக்கா செட்டின் மூடியைக் கழற்றினாள். அதே கணக்கு அவளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில்லாத நாட்களில் வாரக்கணக்காக ஓடிய சாமான், காற்று நாளில் மட்டும் எரிகிறது. செம்புக்கும் இரும்புக்கும் காற்றைத் தெரியாது. ஆனால் காற்று நாளில் இந்த அறையில் ஏதோ ஒன்று மாறுகிறது. அது என்ன?

ட்ரான்ஸ்போமரைப் பொருத்தி, ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்து, ஆளியைப் போட்டாள். செட் முனகியபடி விழித்துக்கொண்டது. சூடு பிடிக்காமல் இருக்க, மேசை விசிறி ஒன்றைச் செட்டின் முதுகுக்குத் திருப்பி வைத்தாள்.

மதலேனா ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டாள். திரும்புங்கோ, வடகரைக்கு வரவேண்டாம், தலைமன்னாரைச் சுற்றித் தென்கரைக்குப் போங்கோ. ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. றெபேக்காவின் கணவனுடைய படகை 'சின்ன மரியாள்' என்று கூப்பிட்டபோது பதில் சிரிப்போடு வந்தது.

"செட் கதைக்குதெண்டால் என்ர வயர்க்காரி வந்திட்டா போல. ஓவர்."

"குடும்பக் கதை பிறகு, ஜெனிஸ்ரன். காத்து வருது. திரும்பு."

"வலை கிடக்குது அக்கா. இழுத்திட்டு நேர எங்கட கரைக்கு வாறன். ஓவர்."

"எங்கட கரைக்கு வராதை! தலைமன்னார்..."

கரண்ட் போய்விட்டது.

காற்று எங்கேயோ வயரில் மரத்தைச் சாய்த்திருக்கும். இந்த மாதங்களில் அது வழக்கம். பின்னால் கொட்டிலில் யாகப்பர் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பினார். சங்கத்து ஜெனரேட்டர் அவர் பொறுப்பு. பழைய எஞ்சின் இருமி, பிடித்து, சுவர் அதிர ஓடத் தொடங்கியது. சுவரில் மாட்டியிருந்த புது ஸ்டெபிலைசரின் பச்சை விளக்கு எரிந்தது. அறைக்குள் வரும் மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து தரும் பெட்டி. செட்டைக் காப்பாற்ற என்று இந்த வருசம்தான் சங்கம் வாங்கியது.

"சின்ன மரியாள், சின்ன மரியாள்" என்று மதலேனா கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது. வலை இழுக்கிறபோது படகு எஞ்சின் போடும் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது. கேட்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. கோயில் மணி அடித்தது. கடல் கெட்ட நாட்களில் பெண்கள் செபமாலைக்குக் கூடுவார்கள். கடலில் ஆள் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தியாவது வருவாள். செபம் தொடங்கிச் சற்று நேரத்தில் றெபேக்காவின் மூக்கு முதலில் அறிந்தது. சூடான வார்னிஷ். அவள் கையைச் செட்டின் முதுகில் வைத்தாள். சுட்டது. கையை எடுத்துவிட்டாள்.

"நிப்பாட்டுங்கோ அக்கா!"

"விசரே உனக்கு? உன்ர மனுசன் நேர இங்கதான் வாறான்."

"நிப்பாட்டாட்டி இன்னும் கொஞ்சத்தில செட்டே இல்லை. பிறகு ஆருக்கும் சொல்ல ஏலாது." அவளே ஆளியை அமர்த்தினாள்.

செட்டின் இரைச்சல் நின்றது. மதலேனா அவளை வெறித்துப் பார்த்தாள். "மூண்டாவதும் போச்சு," என்றாள் மெதுவாக. "நான் சொன்னனான்."

"போகேல்லை. இன்னும் போகேல்லை."

கடையில் ஒரு நாள் முழுக்க முட்டைச் சூடு. இங்கே ஒரு செபமாலைக்குள் நெருப்பு. அதே கம்பி, அதே இரும்பு, அதே செட். வித்தியாசம் வெளியிலிருந்து வருகிறது. அவள் தன் மீற்றரை எடுத்துச் சுவரிலிருந்த பிளக் பொயின்ட்டில் குத்தினாள். இருநூற்று முப்பதுக்குக் கிட்ட. ஒரு குறையும் இல்லை. பல்பு பளிச்சென்று எரிந்தது. ஸ்டெபிலைசர் பச்சை காட்டியது. அதன் பெட்டியைத் தொட்டாள். அதுவும் சூடு. அதற்குள்ளும் ஒரு ட்ரான்ஸ்போமர்தான் இருக்கிறது. ஆக, செட்டில் பிழையில்லை. இந்த அறைக்குள் இப்போது இரும்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சூடு.

அப்போதுதான் விசிறியைப் பார்த்தாள். அதன் இதழ்களை எண்ணலாம் போல இருந்தது. பல்பு மங்கவில்லை, விசிறி மட்டும் சோம்பலாகச் சுற்றியது. வோல்ட்டேஜ் குறைந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா சோர வேண்டும்?

சுவருக்கு அப்பால் செபம் நடந்துகொண்டிருந்தது. ஒரு குரல் தொடங்க, மற்றவை சேர்ந்து முடித்தன. யாருடைய குரல் தொடங்குகிறது, எந்தக் கிழவிக்கு இடையில் இருமல் வருகிறது என்பதெல்லாம் சொல்லுச் சொல்லாகக் கேட்டது.

எப்படிக் கேட்கிறது? இந்தச் சுவரே அதிர்கிற எஞ்சின் ஓடும்போது எப்படிக் கேட்கிறது?

அவள் மீற்றரைப் பிடுங்கிக்கொண்டு பின்கதவால் ஓடினாள்.

கொட்டிலில் யாகப்பர் ஒரு பெட்டிமேல் இருந்தார். ஒரு கையில் செபமாலை. எஞ்சின் அவர் காலடியில் தாழ்ந்த குரலில் டுப் டுப் என்று, வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள் மாதிரி ஓடியது.

"மாமா, எஞ்சினைக் குறைச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை." அவர் எழுந்தார். "செபமாலை நேரமெல்லே. முழு வேகத்தில விட்டால் கோயிலுக்குள்ள ஒரு சொல்லும் கேளாது. முடிய ஏத்திவிடுவன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"கரண்ட் இல்லாத நாளில. காத்து நாளில கட்டாயம், அண்டைக்குத்தானே எல்லாரும் வருவினம். இண்டைக்கு நேற்றோ? வருசக்கணக்காச் செய்யிறன். ஒரு நாளும் ஒண்டும் பழுதாகேல்லை."

வருசக்கணக்காக. அவள் கொட்டில் வாசலிலேயே நின்றுவிட்டாள். வழக்கம் பழசு. எஞ்சின் பழசு. செட்டும் பழசு. இந்த வருசம் வந்த புதுச் சாமான் ஒன்றே ஒன்றுதான். அது சுவரில் பச்சை விளக்கோடு தொங்குகிறது.

கொட்டிலுக்குள்ளும் ஒரு பிளக் பொயின்ட் இருந்தது. மீற்றரைக் குத்தினாள். இதுவரை ஒருநாளும் தேவைப்படாத பக்கத்துக்கு அதன் திருகைத் திருப்பினாள். கரண்ட் ஒரு விநாடியில் எத்தனை தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது என்று காட்டுகிற பக்கம். ஐம்பது இருக்க வேண்டும்.

முப்பத்தொன்பது.

நடப்பது இதுதான். தண்ணீர்க் குழாயடியில் ஒரு வாளி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாளி ட்ரான்ஸ்போமரின் இரும்பு, தண்ணீர் காந்தம், குழாயை எவ்வளவு திறந்திருக்கிறோம் என்பது வோல்ட்டேஜ். கரண்ட் ஒவ்வொரு ஆட்டத்திலும் வாளியை நிரப்பத் தொடங்கி, திரும்பும்போது வெறுமையாக்குகிறது. விநாடிக்கு ஐம்பது தடவை ஆடினால், வாளி நிரம்புமுன்பே திரும்பிவிடுகிறது. எஞ்சின் மெதுவானால் ஆட்டமும் மெதுவாகிறது. வாளி குழாயடியில் கூடுதல் நேரம் நிற்கிறது. முன்பெல்லாம் எஞ்சின் மெதுவானபோது வோல்ட்டேஜும் சேர்ந்து குறைந்தது. குழாயும் பாதி மூடியதால் வாளி தப்பியது. இப்போது ஸ்டெபிலைசர் குறைந்ததைக் கண்டு குழாயைப் பழையபடி முழுதாகத் திறந்துவிடுகிறது. வாளி வழிகிறது. நிரம்பிய இரும்பால் அதற்குமேல் காந்தத்தை ஏற்க முடியாது, கரண்டை எதிர்த்து நிற்கவும் முடியாது. உள்சுற்று வெறும் கம்பியாகிவிடுகிறது. கரண்ட் அதற்குள் பாய்ந்து அங்கேயே எரிகிறது. செட்டுக்குப் போவது கூடவில்லை, ஆகவே வெளிச்சுற்று மினுங்குகிறது. செட் பேசும்போது இழுக்கிற பெரிய கரண்டுக்கு என்று போட்ட பியூஸ், இந்த மெல்லிய வேக்காட்டுக்கு அறுவதும் இல்லை.

"ஏத்துங்கோ மாமா. முழுதும் ஏத்துங்கோ."

"இன்னும் செபம் முடியேல்லை..."

"ஜெனிஸ்ரன் வடகரைக்கு வாறான். செட் இல்லாமல் அவனுக்கு ஆர் சொல்லுறது?"

யாகப்பர் செபமாலையைச் சட்டைப்பைக்குள் போட்டார். வேகத் திருகைத் திருப்பினார். எஞ்சின் குரல் உயர்ந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு. கொட்டில் தகரம் கிடுகிடுத்தது. "இன்னும்," என்றாள். நாற்பத்தொன்பது. ஐம்பது. "காணும். அதிலேயே விடுங்கோ."

கோயில் பக்கக் கதவு திறந்தது. ஒரு பெண் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "யாகப்பர்! பிசாசு கிசாசு பிடிச்சதோ உனக்கு? செபிக்கிறதோ, நாங்கள் எழும்பிப் போறதோ?"

"செபியுங்கோ!" என்று அவர் திருப்பிக் கத்தினார். "கத்திச் செபியுங்கோ!"

அறைக்குள் விசிறி இதழ் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. றெபேக்கா செட்டின் முதுகைத் தொட்டாள். இன்னும் சூடு, ஆனால் கை பொறுத்தது. உள்ளே பூச்சு எவ்வளவு தாங்கியிருக்கிறதோ தெரியாது. ஆளியைப் போட்டாள். முனகல் வந்தது. கடையில் அவள் மேசையில் கேட்ட அதே சுருதி. சற்று முன்பு அது தாழ்ந்து தடித்து ஒலித்ததை, கேட்டும் கேட்காமல் இருந்துவிட்டாள்.

"கூப்பிடுங்கோ அக்கா."

"சின்ன மரியாள், சின்ன மரியாள்." இரைச்சல். "சின்ன மரியாள்." காற்று முதல் தடவையாகக் கதவை அறைந்தது. கடல் இப்போது கேட்கத் தொடங்கியிருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு எஞ்சின் மாதிரி. மதலேனா நிறுத்தவில்லை. றெபேக்கா ஒரு கையைச் செட்டிலும் மற்றக் கையை வாயிலும் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையின் கீழே சூடு ஏறவில்லை. மெதுவாக இறங்கியது.

"...மரியாள்... கேக்குது, ஓவர். கரை வெளிச்சம் தெரியுது அக்கா, கிட்ட வந்திட்டன்..."

றெபேக்கா மைக்கைப் பிடுங்கினாள். "திரும்பு! கரை முழுக்க அலை உடையுது. ஏற ஏலாது. தலைமன்னாரைச் சுத்தித் தென்கரைக்குப் போ. மற்ற ஆக்கள் எல்லாம் அங்க. ஓவர்."

இரைச்சல். பிறகு, சிரிப்பில்லாத குரலில்: "திருப்பிறன். கதைச்சுக்கொண்டே இரு. ஓவர்."

அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். செட்டும் அவளோடு இருந்தது. தென்கரையில் இறங்கிவிட்டதாக அவன் சொன்னபோது வெளியே மழை கல்லெறிவது போல விழுந்துகொண்டிருந்தது. செட்டின் முதுகில் முட்டைச் சூடு.

யாகப்பர் நனைந்தபடி வாசலில் நின்றார். அவளிடம் காரணத்தைக் கேட்டார். அவள் வாளியையும் குழாயையும் வைத்துச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பிறகு ஸ்டெபிலைசரின் பச்சை விளக்கைப் பார்த்தார்.

"ஐப்பசியிலயும் நான்தான் குறைச்சனான்," என்றார். "அண்டைக்கும்..."

மதலேனா தலையைக் குனிந்துகொண்டாள். றெபேக்கா அவர் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

"அப்ப செபத்துக்கு என்ன செய்யிறது?" என்று யாகப்பர் கடைசியாகக் கேட்டார். "சத்தம் சத்தந்தானே."

"சத்தம் வாறது புகைக்குழாயால மாமா. குழாயை நீட்டி, ஒரு பழைய பீப்பாவை மண்ணுக்குள்ள தாட்டு, அதுக்குள்ள விடுவம். புகை வெளியேற ஒரு பெரிய ஓட்டை விட்டாப் போதும், சத்தம் பாதியாகும். வேகத் திருகில மட்டும் கை வைக்காதேங்கோ. செட் ஓடேக்க எஞ்சின் ஐம்பதில ஓட வேணும்."